மலைக்கோட்டைக்கு நெகட்டிவ் உண்டு, அரியமங்கலத்துக்கு?

திருச்சிக்கு ரயில் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1858-இன் தொடக்க மாதங்களில், சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரர் மாட்டுவண்டிகளில் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். பெயர் லின்னேயஸ் ட்ரைப். சென்னைப் படையில் கேப்டன். பெங்களூரிலிருந்து புறப்பட்டு சேலம் வட்டாரம், திருச்சி, ஸ்ரீரங்கம், புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று சுற்றிய அந்தப் பயணத்தின் படங்கள் அதே ஆண்டில் ஊர்வாரியான தொகுதிகளாக வெளிவந்தன. திருச்சிக்கு ஒரு தொகுதி. ஸ்ரீரங்கத்துக்குத் தனியே ஒன்று. ஒரு நகரத்தின் தோற்றத்தை அரசே செலவழித்து, பெயரும் இடமும் குறித்து, பல பிரதிகள் போட்டுப் பாதுகாக்கலாம் என்ற எண்ணம் தமிழகத்தில் அப்போதுதான் முதன்முதலில் செயலானது. அந்த வேலையை மாநகராட்சியும் மாநில அரசும் மீண்டும் கையில் எடுக்க வேண்டும். இம்முறை மலைக்கோட்டையிலிருந்து அல்ல, நகரின் குடியிருப்புப் பகுதியான அரியமங்கலத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்படிச் சொல்வதற்கான காரணங்கள், ட்ரைப் பயன்படுத்திய காகித நெகட்டிவின் வரலாற்றிலேயே இருக்கின்றன.

ஒளிப்படக் கலை 1839-இல் இரண்டு வேறு வடிவங்களில் உலகுக்கு அறிமுகமானது. பாரிஸில் லூயி டாகேரின் முறை ஜனவரி 7 அன்று பிரெஞ்சு அறிவியல் கழகத்தில் அறிவிக்கப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டை அயோடின் ஆவியில் காட்டி, கேமராவில் வைத்து ஒளி காட்டி, பிறகு பாதரச ஆவியில் பிடித்தால் உருவம் எழும். தலைமுடி இழை கூடத் தெரியும் அளவுக்கு நுட்பமான படம் அது. ஆனால் ஒரு தகட்டுக்கு ஒரு படம்தான். அதிலிருந்து நகல் எடுக்க வழியில்லை. இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தைக் கொண்டு வேறு பாதையில் போனார். லேக்காக் அபே என்ற தன் இல்லத்தின் சன்னலை 1835-லேயே சின்னஞ்சிறு நெகட்டிவாகப் பிடித்தவர் அவர். கேமராவில் வைத்தெடுத்த காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஓர் உருவம் பதிந்திருக்கிறது என்பதையும், வெள்ளி நைட்ரேட்டும் காலிக் அமிலமும் சேர்ந்த கரைசல் அதை வெளியே கொண்டுவரும் என்பதையும் 1840 செப்டம்பரில் கண்டுகொண்டார். நீண்ட நேரம் வெயிலில் காத்திருக்க வேண்டிய வேலை சில நிமிடங்களுக்குச் சுருங்கியது. 1841 பிப்ரவரியில் கலோடைப் என்ற பெயரில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறித் தெரியும் அந்தக் காகிதத்தை இன்னொரு காகிதத்தின் மேல் வைத்து வெயில் காட்டினால் நேர்ப்படம் கிடைக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் கிடைக்கும்.

மக்கள் எதன் பின்னால் போனார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. டாகேருக்கு ஆயுட்கால ஓய்வூதியம் தந்து, செய்முறையை 1839 ஆகஸ்ட் 19 அன்று பகிரங்கப்படுத்தியது பிரெஞ்சு அரசு. அந்த முறை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காட்டுத்தீயாய்ப் பரவியது. மக்களுக்கு முதலில் வேண்டியிருந்தது தங்கள் முகம். அதைத் தகடு துல்லியமாகக் கொடுத்தது. டால்பட்டின் படத்திலோ காகிதத்தின் நார் புகுந்து கோடுகளை மழுங்கடித்தது. போதாக்குறைக்கு அதைத் தொழிலாகச் செய்ய அவருக்கு உரிமத் தொகை கட்ட வேண்டியிருந்தது. அவருடைய காப்புரிமை செல்லாத ஸ்காட்லாந்தில், எடின்பரோவின் ஹில், ஆடம்சன் இருவரும் 1840-களில் அதே காகிதத்தில் அருமையான உருவப்படங்களை எடுத்துக் காட்டினார்கள். ஒரு கருவி பரவுவதும் முடங்குவதும் அதன் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அதை யாருக்குத் திறந்துவிடுகிறோம் என்பதையும் பொறுத்தது என்பதற்கு இது சான்று. 1851-இல் ஃப்ரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் கண்ணாடியில் கொலோடியன் பூசும் ஈர முறையைக் காப்புரிமை எதுவும் கோராமல் வெளியிட்டார். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் தகடும் வழக்கொழிந்தது, காகித நெகட்டிவும் ஒதுங்கியது. ஆனால் இரண்டின் முடிவும் ஒன்றல்ல. டாகேரின் வழி தகட்டோடு முடிந்தது. டால்பட்டின் காகிதம் போனாலும், ஒரு நெகட்டிவிலிருந்து பல பிரதிகள் என்ற அவருடைய கருத்து கண்ணாடிக்கும் பிறகு ஃபிலிமுக்கும் மாறி, டிஜிட்டல் கேமரா வரும்வரை ஒன்றரை நூற்றாண்டு ஆட்சி செய்தது. முதலில் கைதட்டல் வாங்கியது ஒன்று, நிலைத்தது இன்னொன்று.

முகம் எடுக்கும் கடைகளில் தோற்ற காகிதம், கட்டடங்களை எடுக்கும் பயணங்களில் வென்றது. குஸ்தாவ் லெ கிரே 1851-இல் காகிதத்துக்கு முன்கூட்டியே மெழுகு ஊட்டும் முறையை வெளியிட்டபின், அதைச் சில நாள் முன்னதாகவே தயாரித்து எடுத்துச்செல்ல முடிந்தது. படம் எடுத்த இடத்திலேயே கழுவியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஈரக் கொலோடியன் அப்படியல்ல. பூச்சு காய்வதற்குள் படமெடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். கொலோடியனில் உள்ள ஈதர் சீக்கிரம் ஆவியாகும் நம் வெயிலில் அது பெரும்பாடு. மாட்டுவண்டியில் குலுங்கிப் போகும் கண்ணாடிச் சுமையையும் இதோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் படை அதிகாரிகளும் மருத்துவர்களும் காகிதத்தை விரும்பியதன் நடைமுறைக் காரணம் இது. நிர்வாகக் காரணமும் இருந்தது. பழங்கட்டடங்களைப் பதிவு செய்ய ஓவியர்களுக்குப் பதிலாக ஒளிப்படத்தைப் பயன்படுத்தலாம் என்று கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்கள் 1855-இல் ஊக்கம் தந்தார்கள். மருத்துவர் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இல் தொடங்கிய சென்னைக் கலைப்பள்ளியில் இக்கலை கற்பிக்கப்பட்டது. 1856-இல் சென்னை ஒளிப்படக் கழகம் உருவானது. ஹளேபீடு, பேலூர் கோயில்களை எடுத்து 1855 சென்னைக் கண்காட்சியில் பதக்கம் வாங்கி, அதே ஆண்டு பர்மாவுக்குச் சென்ற தூதுக்குழுவோடும் போய்வந்த ட்ரைப்பை, மாகாண அரசு 1856-இல் தன் ஒளிப்படக்காரராக அமர்த்திக்கொண்டது.

அந்த முதலீட்டின் பலனை இன்று நிதானமாகக் கணக்குப் பார்க்கலாம். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை ட்ரைப் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே காட்சியாக்கினார். அந்த எழுத்தை அவரால் வாசிக்க முடியாது. அந்தக் கோயிலைக் கட்டியவன் முதலாம் ராஜராஜன் என்பதைக் கல்வெட்டு ஆய்வாளர் ஹூல்ஷ் நிறுவியது 1880-களின் பிற்பகுதியில். தஞ்சைக் கல்வெட்டுகள் நூல் வடிவில் அச்சேறத் தொடங்கியது 1891-இல். படித்தவருக்கும் முப்பது ஆண்டு முந்தியது கேமரா. ஸ்ரீரங்கத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கு வாசலில் இன்று 236 அடி உயரத்தில் நிற்கும் ராஜகோபுரம் 1987-இல்தான் நிறைவுற்றது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் அது மொட்டைக் கோபுரம். அந்த நிலையில் அதைக் கண்ட தலைமுறை மறைந்துகொண்டிருக்கிறது. பழைய படங்கள் பேசுகின்றன. திருச்சிக் கோட்டையின் மதில் ட்ரைப் வந்தபோது நின்றது. பிற்பாடு மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள், மெயின்கார்டு கேட் மிஞ்சியது. படமெடுப்பவருக்கு என்ன முக்கியமாகத் தோன்றியது என்பதைவிட, அவர் சட்டகத்துக்குள் தன்னையறியாமல் எதெல்லாம் விழுந்தது என்பதே பிற்காலத்துக்குப் பயன்படுகிறது. எது பயன்படும் என்று எடுக்கும் காலத்தில் எவராலும் சொல்ல முடியாது. ஆகவேதான் தொடர்ச்சியாகவும் முறையாகவும் எடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தொடர்ச்சிதான் சீக்கிரமே அறுந்தது. 1859-இல் சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், 1857 கிளர்ச்சிக்குப் பிந்தைய நிதி நெருக்கடியில் இது அரசுக்குத் தகாத ஆடம்பரம் என்று கருதி நிறுத்தச் சொன்னார். 1860-க்குள் ட்ரைப்பின் பணி முடிந்தது. பிறகு எட்மண்ட் லயன் 1860-களின் பிற்பகுதியில் அரசுக்காகத் தென்னகக் கோயில்களைப் படமெடுத்தார். சாமுவேல் போர்ன் 1869-இல் தன் வணிக நிறுவனத்துக்காக இந்தப் பக்கம் வந்தார். தொல்லியல் துறை பின்னாளில் ஆயிரக்கணக்கில் எடுத்தது. 1955-இல் தொடங்கிய பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட படங்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி கோயில்களும் சிற்பங்களும். எல்லாமே அரிய வேலைதான். ஆனால் ட்ரைப் போட்டுக்கொடுத்த பட்டியலை, அதாவது கோபுரம், மண்டபம், கோட்டை, கல்லறை என்ற பட்டியலை, யாரும் பெரிதாக மாற்றவில்லை. நினைவுச் சின்னங்களுக்கு நூற்றறுபது ஆண்டுப் படவரிசை உண்டு. மனிதர்கள் குடியிருக்கும் இடங்களுக்கு அது கிடையாது.

அரியமங்கலம் அந்த இடைவெளியில் விழுந்த ஊர். 1862-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வழியாகத் திருச்சிக்கு வந்த இருப்புப் பாதை இந்தப் பக்கமாகத்தான் நகருக்குள் நுழைந்தது. ராஜராஜன் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் உய்யக்கொண்டான் வாய்க்கால் இதன் வழியே பாய்கிறது. 1920-களின் இறுதியில் பக்கத்துப் பொன்மலையில் ரயில்வே பணிமனை வந்தது; 1950-களில் சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் வந்தது; தஞ்சை நெடுஞ்சாலை அகன்றுகொண்டே போனது. நகரம் தன் குப்பையை அரை நூற்றாண்டுக்கும் மேலாக இங்கே ஏறத்தாழ 47 ஏக்கரில் கொட்டிவந்திருக்கிறது; அதைத் தோண்டிப் பிரித்து அகற்றும் பயோமைனிங் பணி சில ஆண்டுகளாக நடக்கிறது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை அணுகுசாலை வேண்டும் என்ற கோரிக்கையும், அதற்கு நிலம் எடுப்பதை எதிர்க்கும் கடைக்காரர்களின் வாதமும் ஆண்டுக்கணக்கில் ஓயாமல் நடக்கின்றன. விவசாய நிலம் எப்போது மனையானது, வாய்க்காலின் அகலம் எந்தப் பத்தாண்டில் குறைந்தது, குப்பைமேடு எப்போது குடியிருப்பின் கண்மட்டத்தைத் தாண்டியது என்ற கேள்விகள் இங்கே வெறும் வரலாற்று ஆர்வமல்ல. இழப்பீடு, வழக்கு, உடல்நலம் சார்ந்தவை. கோயில் தூணுக்கு ஆண்டு சொல்லும் படம் இருக்கும்போது, இவற்றுக்கும் இருக்க வேண்டும் என்று கேட்பதில் என்ன மிகை?

முதல் ஆட்சேபம் உடனே வரும்: எல்லோர் கையிலும் கைபேசி இருக்கிறது, தினமும் கோடிக்கணக்கில் படம் எடுக்கிறார்கள், அரசு எதற்கு? எண்ணிக்கையைக் கண்டு ஏமாறக் கூடாது. டால்பட்டின் நெகட்டிவ் செய்தது நகல் எடுப்பதைச் சாத்தியமாக்கியது மட்டுமே. அதைச் சான்றாக்கியது, தலைப்பும் இடமும் ஆண்டும் குறித்துப் பிரதிகளைப் பல அலுவலகங்களில் வைத்த அந்த நிர்வாகப் பழக்கம். ட்ரைப்பின் தொகுதி ஓரிடத்தில் கரையானுக்குப் போனாலும் வேறிடத்தில் மிஞ்சியது. வாஷிங்டன், நியூயார்க், லண்டன் என்று 2014, 2015 ஆண்டுகளில் அவருடைய படங்களுக்குக் கண்காட்சி நடத்த முடிந்தது அதனால்தான். நம் கைபேசிப் படங்கள் நுட்பத்தால் நெகட்டிவின் வாரிசு, நடைமுறையில் டாகேரின் தகட்டுக்கு உறவு: நகலெடுக்க முடிந்தும் எடுக்கப்படாமல், ஒருவரிடம் மட்டும் இருந்து, கருவியோடு சேர்ந்து அழிகின்றன. ஸ்டுடியோக்களின் கதையும் இதுதான். ஊருக்கு ஊர் இருந்த ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது கண்ணாடி நெகட்டிவ்களும் ஃபிலிமும் பழைய சாமானாகப் போயின. அவற்றில் மிஞ்சியதைத் தேடிப்பிடித்து நகலெடுக்க, பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவாய்ப்புள்ள ஆவணங்கள் திட்டத்தின் நிதியோடு பாண்டிச்சேரி நிறுவனம் தனித் திட்டம் நடத்த வேண்டியிருந்தது. செயற்கைக்கோள் படம் கூரையைக் காட்டும். சுவரையும் திண்ணையையும் வாய்க்காலின் கரையையும் காட்டாது. தனியார் நிறுவனங்களின் தெருப்படமோ அவர்கள் விரும்பும்வரைதான் இருக்கும்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. ட்ரைப்பின் கேமரா ஆள்பவனின் கண். கிளர்ச்சியை அடக்கிய கையோடு கோட்டைகளையும் கோயில்களையும் கணக்கெடுத்த ஆட்சியின் கருவி. அதை முன்மாதிரியாகக் காட்டலாமா? அந்த விமர்சனம் சரியே. அவருடைய படங்களில் ஆட்கள் அரிது. ஒளி காட்டப் பல நிமிடங்கள் பிடித்ததால் நடப்பவர்கள் பதியவில்லை என்பது பாதிக் காரணம்தான். நிற்கச் சொல்லியிருக்கலாம், ஆனால் அவர் தேடியது கட்டடத்தை. இந்த விமர்சனம் பதிவே வேண்டாம் என்ற முடிவுக்குக் கொண்டுபோகாது. எதை எடுப்பது என்ற முடிவு ஒரு அதிகாரியின் கையில் இருக்கக் கூடாது என்றுதான் சொல்கிறது. வார்டு மக்களைக் கேட்டு இடங்களைத் தேர்ந்தெடுத்தால் பட்டியல் தானாக மாறும்: ரேஷன் கடை, தண்ணீர்த் தொட்டி, அரவை ஆலை, பேருந்து நிறுத்தம், சுடுகாட்டுப் பாதை. கண்காணிப்பு பற்றிய அச்சமும் நியாயமானது. அதற்குத் தெளிவான விதிகள் போதும்: பொது இடத்திலிருந்து மட்டுமே படம், வீட்டுக்குள் எட்டிப் பார்க்கும் படம் கூடாது, முகங்களையும் வண்டி எண்களையும் மறைத்த பிறகே வெளியீடு, காவல்துறைக்குத் தனி வழி கிடையாது, குடியிருப்பவர் ஆட்சேபித்தால் முறையிட ஓர் இடம்.

மூன்றாவதாக, படம் உண்மை சொல்லும் என்று யார் சொன்னது என்று கேட்கலாம். ட்ரைப்பே நல்ல உதாரணம். அக்காலக் காகிதம் நீல ஒளியை அதிகம் வாங்கிக்கொண்டதால் வானம் வெறுமையாக விழும். அவர் நெகட்டிவில் தூரிகையால் மேகம் வரைந்தார், மரங்களையும் திருத்தினார். திருச்சி வானத்தில் 1858-இல் அந்த மேகம் இருந்ததில்லை. இதை நாம் இன்று உறுதியாகச் சொல்வது எப்படி? நெகட்டிவ்கள் சில மிஞ்சியதாலும், செய்முறை தெரிந்திருப்பதாலும்தான். கணினி ஒரு நொடியில் இல்லாத தெருவை உருவாக்கித் தரும் காலத்தில் இந்தப் பாடம் இன்னும் அவசரமாகிறது. இனி ஒரு படத்தை அதன் தோற்றத்தை வைத்து நம்ப முடியாது. யார், எப்போது, எங்கிருந்து எடுத்து, எந்தப் பதிவேட்டில் சேர்த்தார்கள் என்பதை வைத்துத்தான் நம்ப முடியும். ஒப்பிட்டுப் பார்க்கப் பொதுவில் ஒரு மூலம் இல்லாத ஊர், எந்தப் போலிப் படத்தையும் மறுக்க வழியில்லாத ஊர்.

மிஞ்சியிருப்பது ட்ரெவெல்யனின் ஆட்சேபம், பணம். காகிதமும் ரசாயனமும் கடல் கடந்து வந்த காலத்தில் அதில் கொஞ்சம் நியாயம் இருந்தது. இன்று கேமரா விலை ஒரு பொருட்டே அல்ல, தேவைப்படுவது ஒழுங்கு. திருச்சி மாநகராட்சிக்கு 65 வார்டுகள். வார்டுக்குச் சில நிலையான இடங்களைக் குறித்து, அதே இடத்திலிருந்து அதே திசையில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை படமெடுப்பதற்கு உள்ளூர்க் கல்லூரி மாணவர்களும் ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர்களும் போதும். தமிழில் விளக்கக் குறிப்பு, நாள், இடம், எடுத்தவர் பெயர் ஆகியவை கட்டாயம். டிஜிட்டல் கோப்போடு நின்றுவிடாமல் நீடித்து உழைக்கும் காகிதத்தில் அச்சிட்ட பிரதி ஒன்று ராணி மங்கம்மாள் மகாலில் இயங்கும் அரசு அருங்காட்சியகத்திலும், இன்னொன்று மாவட்ட மைய நூலகத்திலும் இருக்க வேண்டும். 1858-இன் அச்சுப் படத்தைப் பார்க்க எந்த மென்பொருளும் தேவைப்படவில்லை என்பதை நினைவில் கொள்வது நல்லது. எவரும் கட்டணமின்றிப் பார்க்கவும் நகலெடுக்கவும் அனுமதி வேண்டும். காப்புரிமையில் சிக்கிய டால்பட்டின் முறை தேங்கியதையும், திறந்துவிட்ட ஆர்ச்சரின் முறை பரவியதையும் பார்த்த பிறகு இதில் தயக்கத்துக்கு இடமில்லை.

அவசரத்துக்கும் காரணம் இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஒரே வாரத்தில், கொள்ளிடத்தின் 1928-ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதியும், 1830-களில் ஆர்தர் காட்டன் கட்டிய முக்கொம்பு மேலணையின் 9 மதகுகளும் வெள்ளத்தில் போயின. அவை பேர்பெற்றவை என்பதால் அவற்றுக்குப் படங்கள் உண்டு. அரியமங்கலத்தின் குப்பைமேடு குறைந்துகொண்டிருக்கிறது. அது நல்ல செய்தி, நாளை அங்கே பூங்காவோ கட்டடமோ வரலாம். ஆனால் அந்த நிலம் என்னவாக இருந்தது, அதன் பக்கத்தில் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கான முதல் சுற்றுப் படங்களை மேடு முழுவதும் கரைவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும். பிறகு எடுக்கும் எந்தப் படத்துக்கும் ஒப்பிட முன்படம் கிடைக்காது. மாநகராட்சி தன் அடுத்த நிதிநிலை அறிக்கையில் இதற்கென ஒரு சிறு தலைப்பை ஒதுக்கி, அரியமங்கலம் மண்டலத்தை முதல் ஆண்டுப் பணியாக அறிவிப்பதுதான் தொடக்கம்.